மச்சான் கயிறு

பனைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. சங்குக்கும் முத்துக்கும் ஆட்கள் மூச்சடக்கி முங்கிய காலத்திலிருந்து வருவது. கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை வள்ளத்தில் நின்று பிடிப்பவன் அவனுடைய மச்சானாகத்தான் இருக்க வேண்டும். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். சொந்த அண்ணன் தம்பியிடம்கூடக் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். தம்பி என்றால் சொத்தில் பங்கு கூடும். மச்சானுக்கு மிஞ்சுவது தாலி அறுத்த தங்கச்சி மட்டும்தான். ஆகவே அவன் கை தளராது.

காலம் மாறி, மூச்சு கேபிளில் வரத் தொடங்கியபோது இந்த வழக்கமும் கூடவே வந்தது.

ஆழ்கடலின் தரையில் கனிமக் கட்டிகள் கிடக்கின்றன என்று ஒரு கம்பெனி வந்தது. புது உடுப்பு கொடுத்தது. முங்கத் தெரிந்த ஊர், முங்கியது. உடுப்பு தாங்கிய அழுத்தத்தைக் கழுத்து நரம்பு தாங்கவில்லை. மூச்சு விடு என்று மூளை சொல்வது நெஞ்சுக்குப் போய்ச் சேராத ஆண்கள் இருநூற்றுச் சொச்சம் பேர், கை கால் அசையாமல் கட்டிலோடு வீடு திரும்பினார்கள். கம்பெனி நஷ்ட ஈடாக ஒவ்வொருவர் விலாவுக்குக் கீழும் ஒரு மூச்சுக்கருவியை வைத்தது. ஊர் நடுவில் ஒரு மூச்சு நிலையம் கட்டித் திறப்பு விழா நடத்திவிட்டுப் போனது. நிலையத்தின் கணினி ஒவ்வொருவரின் ரத்தத்தையும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆள் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, பெண்டாட்டியோடு சண்டை போடுகிறானா என்று அறிந்து 'இழு', 'விடு' என்ற கட்டளையாக அதற்கேற்ற மூச்சைக் கேபிளில் அனுப்பும். அதனால் அவர்கள் பேசினார்கள், சிரித்தார்கள். சாந்தகுரூஸ் கட்டிலில் கிடந்தபடியே கோயில் பாட்டுக்கூடப் பாடினான்.

பிறகு வேறொரு ஊரில் மூச்சுக் களவு நடந்தது. யாரோ எங்கிருந்தோ கருவிகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு மூச்சுக்கும் விலை பேசினார்கள். விலை படியாத வீடுகளில் மெழுகுவர்த்தி எரிந்தது. அதன்பின் சட்டம் வந்தது. எந்தக் கருவியும் தானாக மூச்சு விடக்கூடாது. நிலையத்தின் முத்திரை பதித்த மூச்சு ஒரே ஒரு காவல் பெட்டி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஃபயர்வால் என்று பெயர். கருவியில் ஆறு நிமிட மூச்சுக்கு மேல் கையிருப்பு இருக்கக்கூடாது. அதிகம் இருந்தால் அதையும் திருடுவார்கள்.

அந்த ஃபயர்வாலைக் காப்பவளாக பிலோமினாவைப் போட்டார்கள். வெளியூரிலிருந்து அவளைவிடப் பெரிய படிப்புக்காரர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். ஊர்க் கமிட்டியில் யாரும் அவற்றை எடுத்துப் பார்க்கவில்லை. அவளுடைய கணவன் ரெமிஜியுஸ் என்கிற ரெமி அந்த இருநூற்றுச் சொச்சத்தில் ஒருவன். வேறென்ன தகுதி வேண்டும்?

ஃபயர்வாலுக்கு இரண்டாவது வழி போட்ட அன்று நிலையத்தின் தலைமை டாக்டர் சண்முகவடிவு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு போர்ட்டும் ஒரே நேரத்துல வேல செய்யுமா பிலோமினா?"

"இல்ல டாக்டர். ரெண்டு வாய், ஒரே பேரு. வெளிய இருந்து பாத்தா ஒரே ஆள்தான். ஒண்ணு பேசும்போது மத்தது வாயப் பொத்திக்கிட்டு நிக்கும். பேசுதது செத்துப்போச்சுன்னா அடுத்த நொடி இது எடுத்துப் பேசும். குரல் மாறினதே யாருக்கும் தெரியாது."

"எங்க வீட்டுல அப்படி இல்ல டாக்டர்," என்றான் உதவிக்கு இருந்த எபனேசர், தரையில் உட்கார்ந்து கேபிளின் முனையைக் கடித்துச் சரிசெய்தபடி. "எனக்கும் எம் பெண்டாட்டிக்கும் ரெண்டு வாயும் ஒரே நேரத்துலதான்."

"வாயில வைக்காதல அத. உப்புக் காத்து பத்தாதுன்னு எச்சி வேறயா?" என்றாள் பிலோமினா.

முதல் போர்ட்டிலிருந்து கோயில் மண்டபத்தில் இருந்த வடக்குப் பெட்டிக்கு ஒரு கேபிள் போனது. இரண்டாவதிலிருந்து மீன் ஏலக்கூடத்தில் இருந்த தெற்குப் பெட்டிக்கு இன்னொன்று. தெருக்களுக்குப் போகும் வயர்கள் எல்லாம் இரண்டு பெட்டிகளிலும் கட்டப்பட்டிருந்தன. எந்தப் பெட்டி போனாலும் மற்றது ஊருக்கே மூச்சுக் கொடுக்கும்.

"ஒண்ணு செத்துட்டுன்னு மத்ததுக்கு எப்படித் தெரியும்?" டாக்டர் விடவில்லை.

"கேபிள் அந்துட்டா போர்ட்டுல விளக்கு அணையும். அது சுலபம். ஆனா கேபிள் நல்லா இருந்து, அந்தப் பக்கத்துப் பெட்டி ஊமையாயிட்டா? விளக்கு எரியும், பேச்சு போகாது. அதனால சும்மா விளக்க நம்பக் கூடாது. இந்த வழியா ஒரு முகவரியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். 'இருக்கியா'ன்னு கேக்கணும். 'இருக்கேன்'னு பதில் வந்தா வழி உசிரோட இருக்கு. வரலன்னா மாறிக்கிடணும்."

"யாரக் கூப்பிடும்?"

"யாரையாவது. ஒரு முகவரி குடுக்கணும்."

டாக்டர் சிரித்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? உன் வீட்டுக்காரர் முகவரியக் குடு. கயிறு மச்சான் கையிலதானம்மா இருக்கணும்?"

எபனேசருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. அதற்குக் காரணமும் இருந்தது. ரெமியின் வீட்டுக்கு மட்டும் தெரு வயர் கிடையாது. பிலோமினா வேலைக்குச் சேர்ந்த புதிதில், சொந்தக்காரருக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது என்று எபனேசரே வடக்குப் பெட்டியிலிருந்து நேராக ஒரு கேபிளை இழுத்துக் கொடுத்திருந்தான். "நடுவுல ஒரு பெட்டியும் இல்லக்கா. அண்ணன் பதில் சொல்லலன்னா வடக்குப் பெட்டி செத்துட்டுன்னு அர்த்தம். வேற அர்த்தமே கிடையாது."

சரிதான். அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

"அப்போ தெக்குப் பெட்டிக்கு மாறினா அவரு?" என்று டாக்டர் கேட்டார்.

"மழ முடிஞ்சதும் அங்கிருந்தும் ஒரு கேபிள் இழுத்துருதேன்," என்றான் எபனேசர்.

"அதுவரைக்கும் வீட்டுல கைப்பை இருக்கு," என்றாள் பிலோமினா. "எங்க அண்ணன் எப்பவும் அவருகூடவேதான் இருக்கான்."

கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ரப்பர் பை அது. நிலையம் திறந்தபோது எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார்கள். பெரும்பாலானவை உப்புக் காற்றில் வெடித்துக் குப்பைக்குப் போய்விட்டன. பிலோமினா தன் வீட்டுப் பையை அடிக்கடி பவுடர் தடவித் துடைத்து, நீலச் சேலைத் துணியில் தைத்த உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். அவளுடைய அண்ணன் கித்தேரியான்தான் வள்ளத்தில் ரெமியின் கயிற்றைப் பிடித்தவன். கம்பெனி உடுப்பில் கயிறு கிடையாது. அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. தொழிலுக்குப் போவதை விட்டுவிட்டு மச்சானின் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

மழை முடிந்தது. எபனேசரின் கேபிள் நாளைக்கு, நாளைக்கு என்று போய்க்கொண்டிருந்தது.

அன்று மதியம் அவன் கருவாட்டுக் குழம்பு டப்பாவைத் திறந்த நேரத்தில் நிலையத்தின் அபாயச் சங்கு அலறியது.

சுவர்ப் பலகையில் ஆளுக்கு ஒரு விளக்கு. பச்சை என்றால் மூச்சு போகிறது. மஞ்சள் என்றால் கையிருப்பில் ஓடுகிறது. பலகை முழுவதும் மஞ்சளாகியிருந்தது. எபனேசர் கையைக் கழுவாமலே ஃபயர்வாலிடம் ஓடினான்.

"ஃபயர்வால் நல்லாருக்கு அக்கா!"

"ரெண்டாவதுக்கு மாறிட்டா?"

"மாறல. மாற வேண்டிய அவசியமே இல்லியே. ஒண்ணுல விளக்கு எரியுது."

பிலோமினா கணினியைப் பார்த்தாள். மூச்சுகள் உருவாகி, முத்திரை வாங்கி, வாசல் வரை வந்துகொண்டிருந்தன. வாசலைத் தாண்டி எங்கே போகின்றன? மின்சாரமா, தெரு வயரா, ஏதாவது களவா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் நிமிடங்கள் கரைந்தன. தொலைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. யாரும் எடுக்கவில்லை.

"அண்ணன் பதில் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு அக்கா," எபனேசர் அழும் குரலில் சொன்னான். "கேக்கக் கேக்க 'இருக்கேன், இருக்கேன்'னுதான் வருது. அப்புறம் எப்படி?"

அவள் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை மஞ்சளுக்கு நடுவில், வடக்கு மூலையில் ஒரே ஒரு பச்சை.

"எபி," என்றாள். "அதாம்ல பிரச்சன."

வடக்குப் பெட்டி பாதி செத்திருந்தது. தெருக்களுக்குப் போகும் வாய்களெல்லாம் அடைத்துப்போய், ரெமியின் நேர்வழி மட்டும் திறந்திருந்தது. ஃபயர்வால் கேட்டது ரெமியை மட்டும்தான். ரெமி இருந்தான். ஆகவே ஊர் நன்றாக இருப்பதாக அது நம்பிக்கொண்டிருந்தது.

டாக்டர் சண்முகவடிவு செருப்பில்லாமல் ஓடி வந்தார். பிலோமினா இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"ஒண்ணு அவருக்கு, இன்னொண்ணு ஊருக்குன்னு பிரிச்சு விட முடியாதா?"

"ஒரே பேரு டாக்டர். ரெண்டு வாயும் ஒண்ணா பேசாது. ஜோடியப் பிரிக்கணும்னா ஃபயர்வால அணைச்சு எழுப்பணும். அதுக்குள்ள எல்லாருக்கும் கையிருப்பு தீந்துரும்."

"வடக்குப் பெட்டிய அணைச்சுப் போட்டா?"

"அப்பவும் இவரு மூச்சு நிக்கும். பெட்டி திரும்ப எழும்புமான்னும் தெரியாது."

எந்தப் பக்கம் போனாலும் வழி ரெமியின் மேல் ஏறித்தான் போயிற்று. டாக்டர் அங்கிருந்து நகரவில்லை.

எபனேசர் முதல் கேபிளை நோக்கிக் கையை நீட்டினான்.

"தொடாத," என்றாள் பிலோமினா. அவளுக்கே அந்தக் குரல் அந்நியமாகக் கேட்டது.

அவள் விரல்கள் கேபிளின் கொக்கியைப் பிடித்தன. அமுக்கி இழுத்தால் போதும். குழந்தைகூடச் செய்யும். விரல் அமுங்கவில்லை. மஞ்சளில் சில விளக்குகள் மினுங்க ஆரம்பித்தன. கையிருப்பு முடியப் போகிறது என்று பொருள். மச்சான் கை தளராது என்றுதான் ஊரே அவளிடம் இதைக் கொடுத்தது. தளரத்தான் வேண்டும் என்று ஒரு நாள் வரும் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொரு கையால் வீட்டுக்குப் போன் போட்டாள். கித்தேரியான் எடுத்து ரெமியின் காதருகே வைத்தான்.

"என்ன பிலோ, பக்கத்து வீட்டுல ஒரே சத்தமா கெடக்கு. தெரசம்மா மாதாவக் கூப்பிட்டு அலறுதா. என்ன ஆச்சு?"

ஊரே மூச்சுமுட்டிக் கிடக்க, அவன் குரல் சாப்பாட்டுக்குப் பின் வரும் குரலாக இருந்தது.

"ஏங்க," என்றாள். "ஊருக்கே மூச்சு நின்னுபோச்சு. ஒங்களுக்கு மட்டும்தான் போகுது. ஒங்க லைனப் பிடுங்கினாத்தான் மத்தவங்களுக்கு..."

நிலையத்திலிருந்து கிளம்பிய ஒரு மூச்சு ரெமியின் நெஞ்சுக்குள் போய் வந்தது அவளுக்குக் கேட்டது.

"ஆறு நிமிசம் இருக்குல்லா எனக்கு?"

"இருக்கு."

"ஏ கிறுக்கி, நான் எத்தன வருசம் வெறும் மூச்சோட கடலுக்கடில கெடந்தவன். இதுக்கா இவ்வளவு யோசிக்க? ஆறு முடிஞ்சா பை இருக்கு. மச்சான், பைய எடும். எடுத்து அமுக்கும், இவளுக்குக் கேக்கட்டும்."

ஏதோ நகர்த்தும் சத்தம். கித்தேரியான் என்னவோ முணுமுணுத்தான். பிறகு, புஸ்... புஸ்... புஸ்... என்று சீராகக் கேட்டது.

"கேக்குதா?"

"கேக்குது."

"மச்சான் கையி பாத்தியா, எப்படி விழுதுன்னு. விடிய விடிய அமுக்குவாரு. போன வைக்காத, சத்தத்தக் கேட்டுக்கிட்டே இரு. பிலோ..."

"ம்."

"கயித்த விடு."

அவள் இழுத்தாள். கொக்கி 'டக்'கென்று விடுபட்டது. முதல் போர்ட்டின் விளக்கு அணைந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு இரண்டாவது வாய் பேசத் தொடங்கியது. தெற்குத் தெரு பச்சையானது, பிறகு சந்தைத் தெரு, பள்ளிக்கூடத் தெரு. எபனேசர் தரையில் உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதான். வடக்கு மூலையில் இருந்த ஒற்றைப் பச்சை மஞ்சளாக மாறியதை பிலோமினா மட்டும் பார்த்தாள்.

"நீ ஓடு," என்றார் டாக்டர். "ஆம்புலன்ஸ அனுப்புதேன். எபனேசர், எந்திரி. வடக்குப் பெட்டிய அணைச்சு எழுப்பு, போ!"

ஸ்கூட்டரில் போகும்போது போனைத் தலைக்கவசத்துக்குள் செருகியிருந்தாள். காதுக்குள் புஸ், புஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ரெமி பேசவில்லை. மூச்சைச் சேமிக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு நிமிடம் தாண்டியும் பை சீராக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் இருக்கும்வரை பயமில்லை. சந்தையருகே கூட்டம் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. அழுதவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் மீதும் இடித்துவிடக் கூடாதே என்று வேகத்தைக்கூடக் குறைத்தாள்.

வீட்டுத் தெரு முனையில் ஒருத்தி வண்டியின் குறுக்கே வந்து விழுந்தாள். சாந்தகுரூஸின் பெண்டாட்டி தெரசம்மா. முடி அவிழ்ந்து, முகமெல்லாம் கண்ணீர்.

"பிலோ! ஏ பிலோ! எம் மாப்பிள்ள பொழச்சுக்கிட்டாரு! ஒங்க வீட்டுப் பைதாம்மா! லைன் வர்ற வரைக்கும் நானும் பிள்ளைங்களும் மாத்தி மாத்தி அமுக்கினோம்!"

அவள் கையில் ரப்பர் பை இருந்தது. நீலச் சேலைத் துணி உறை அவள் தோளில் தொங்கியது.

"ஒன் வீட்டுக்காரரு முந்தாநாள் குடுத்துவிட்டாரு. எங்க பை வெடிச்சுட்டுன்னு கேட்டுட்டு, பிள்ளைங்க இருக்க வீடு, இங்க இருக்கட்டும்னு. ஒங்கிட்ட சொல்லலியா?"

பிலோமினாவின் காதுக்குள் புஸ், புஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

படுக்கைப் புண் வராமலிருக்க ரெமிக்குக் காற்று மெத்தை போட்டிருந்தார்கள். அதற்குக் காற்றடிக்கும் மிதிபம்பு கட்டிலருகே இருந்தது. கித்தேரியான் வலது காலால் அதை மிதித்துக்கொண்டிருந்தான். மிதித்தபடியே குனிந்து, மச்சானின் வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டிருந்தான். வியர்வை சொட்டியது. அவன் ஊதியது வயிற்றுக்குப் போயிற்றே தவிர நெஞ்சுக்குப் போகவில்லை. போன் தலையணையில் கிடந்தது. அடித்த காற்றெல்லாம் மெத்தைக்குள் போய் அது கல்லாக விறைத்து மேலெழும்பியிருந்தது. அதன்மேல் ரெமி, நீர்மட்டத்தில் மிதக்கிறவனைப் போல உயர்ந்து கிடந்தான்.

அவள் அண்ணனைத் தள்ளிவிட்டு ஊதினாள். தெரசம்மா பையோடு பின்னாலேயே ஓடி வந்தாள். அமுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. அதன்பின் டாக்டர் வந்து, அவள் கையைப் பிடித்து நிறுத்தும்வரை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். வடக்குப் பெட்டி அன்று எழும்பவே இல்லை.

கித்தேரியானின் கால் அப்போதும் பம்பின் மேல் இருந்தது.

"எதுக்குண்ணே?" என்றாள். "லைனப் பிடுங்கின பிறகாவது அத விட்டுட்டு, ஆள் வச்சு ஒழுங்கா ஊதியிருக்கலாம்லா? தெரசம்மாவக் கூப்பிட்டிருக்கலாம்லா? இந்தச் சத்தம் எதுக்கு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சத்தம் நின்னா நீ திருப்பி மாட்டிருவன்னு எங் காதுல சொன்னாரு."

அடக்கத்துக்குப் பிறகு கமிட்டி கூடியது. பிலோமினாவே தொடர வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். கூப்பிட்டுப் பார்க்கும் முகவரிக்கு யாரைப் போடலாம் என்ற பேச்சு வந்தபோது, சாந்தகுரூஸைப் போடலாம், தெரசம்மாவின் தம்பி நிலையத்தில் வாட்ச்மேன்தான், மச்சான் முறை என்றார் ஒருவர்.

"யாருக்கும் மச்சான் வேண்டாம்," என்றாள் பிலோமினா.

அன்றே உட்கார்ந்து ஊரிலிருந்த எல்லா முகவரிகளையும் ஏற்றினாள். ஃபயர்வால் ஒவ்வொருவராகக் கேட்கும். ஒரு தெரு வாய் திறக்காவிட்டாலும் மாறிக்கொள்ளும். எபனேசர் பக்கத்தில் நின்று சரிபார்த்தான். வடக்கு மூலைக்கு வந்ததும் தயங்கினான்.

"அக்கா, அண்ணன் கருவியக் கழட்டி வீட்டுல மேசை மேலதான வச்சிருக்கீங்க? லைன்லதான் இருக்கு. தெக்குப் பெட்டியில இருந்து கேபிள் இழுத்து மாட்டிட்டேன், முந்தாநாள்." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "கேட்டா 'இருக்கேன்'னு இன்னும் பதில் சொல்லுது."

"சொல்லும்," என்றாள்.

அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள். கொக்கியைப் பிடித்த அதே விரல். இந்த முறை யாருக்கும் போன் போடவில்லை. அழித்துவிட்டு, அடுத்த பெயருக்குப் போனாள்.